கடலை அளக்க ஓர் எண் போதாது

(கட்சிக் கல்வி வகுப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மொழிபெயர்ப்பாளனாகிய என்னைக் கடல் வேதியியல் குறித்துப் பேச அழைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அது பெருமைக்குரிய காரணம் அன்று. சில ஆண்டுகளுக்கு முன் காலநிலை மாற்றம் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்கம் செய்தேன். அதில் ஒரு பத்தியில், “கடல்நீரின் காரத்தன்மை ஆண்டுதோறும் குறைந்துவருகிறது” என்று எழுதியிருந்தேன். அடுத்த பத்தியிலேயே, “கரியமில வாயு கரைவதால் கடல்நீரின் காரத்தன்மை மாறுவதில்லை” என்றும் எழுதியிருந்தேன். மெய்ப்புப் பார்த்ததும் நானே. கட்டுரை வெளியாகிச் சில நாட்களில் ஓர் அஞ்சலட்டை வந்தது. வேதியியல் ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற தோழர் ஒருவர் எழுதியிருந்தார். வணக்கம், நலம் எல்லாம் முடிந்தபின் ஒரே ஒரு கேள்வி: “இவ்விரண்டில் எது நமது நிலைபாடு?”

மூலத்தை எடுத்துப் பார்த்தேன். இரண்டு வாக்கியங்களும் மூலத்தில் சரியாகவே இருந்தன. ஆங்கிலத்தில் அவை இரு வேறு சொற்கள். தமிழில் இரண்டையும் ‘காரத்தன்மை’ என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்துவிட்டேன். அகராதிகளும் பெரும்பாலும் அப்படியே செய்கின்றன. அந்த அஞ்சலட்டைக்கு விடை எழுதுவதற்காகப் படிக்கத் தொடங்கியவன் இன்றுவரை நிறுத்தவில்லை. படித்ததில் நமது அரசியலுக்கு இன்றியமையாததாக எனக்குத் தோன்றிய ஒன்றை மட்டும் இன்று சொல்ல விரும்புகிறேன். கடல் மாறியிருக்கிறது என்பதைச் சொல்ல ஓர் அளவு போதும். யாரால் மாறியது, எதனால் மாறியது என்பதைச் சொல்ல இரண்டாவது அளவு வேண்டும்.

பெயரிலேயே அமிலம்

முதலில் நமக்குத் தெரிந்த சொல்லிலிருந்து தொடங்குவோம். கரியமில வாயு என்கிறோம். பிரித்துப் பாருங்கள்: கரி, அமிலம், வாயு. கார்பானிக் அமில வாயு என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு வேதியியலார் வழங்கிய பெயரின் நேர்த்தமிழ் இது. பாடநூல்களில் இப்போது கார்பன் டை ஆக்சைடு என்று எழுதுகிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் கடலைப் பற்றிப் பேசும்போது பழைய பெயரே விளக்கத்தையும் சுமந்து வருகிறது. இவ்வாயு நீரில் கரைந்தால் கார்பானிக் அமிலம் உண்டாகிறது. அது ஹைட்ரஜன் அயனியை வெளிவிடுகிறது. அந்த அயனியின் செறிவே புளிப்பு, அதாவது அமிலத்தன்மை. சோடா புட்டியைத் திறந்து குடிக்கும்போது நாவில் படுகின்ற சுறுக்கும் அதுவே.

காரம் என்ற சொல்லின் கதை வேறு. இன்று மிளகாய்க்குரியதாகிவிட்ட அச்சொல், சவுக்காரத்திலும் அப்பளக்காரத்திலும் வெங்காரத்திலும் தன் பழைய பொருளை இன்னும் விடாமல் வைத்திருக்கிறது. கடல்நீர் அந்தப் பொருளில் காரமானது. தொழிற்புரட்சிக்கு முன் கடலின் மேற்பரப்பில் பி.எச். அளவு சராசரியாக 8.2 அளவில் இருந்தது, இன்று 8.1 அளவில் இருக்கிறது. நடுநிலை 7. ஆகவே ‘கடல் அமிலமாகிறது’ என்று கேட்டதும், அது ஏதோ திராவகமாக மாறிவிட்டதாகத் தோழர்கள் எண்ணிவிடக் கூடாது. அமிலத்தின் திசையில் நகர்கிறது என்பதே பொருள். இதை நாம் மிகைப்படுத்திப் பேசினால், எதிரில் இருப்பவர் ஒரு பி.எச். தாளைக் கடலில் நனைத்துக் காட்டி நம் வாயை அடைத்துவிடுவார்.

ஆனால் 0.1 என்பதைச் சிறிய வேறுபாடு என்று தள்ளவும் முடியாது. பி.எச். என்பது மடக்கை அளவு. ஓர் அலகு குறைந்தால் ஹைட்ரஜன் அயனி பத்து மடங்காகும். 0.1 குறைந்தால் ஏறத்தாழ 26 சதவீதம் கூடும். 1909-இல் டென்மார்க்கில் சோரன்சன் இந்த அளவுகோலை வகுத்தார். அவர் பணியாற்றியது கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையை ஒட்டிய ஆய்வகத்தில். பீருக்கு ஆன நுரைப்பைச் சரியாக நடத்துவதற்குத் தேவைப்பட்ட அளவு இன்று உலகக் கடல்களுக்கு ஆகியிருக்கிறது.

ஆண்டுக்கு 0.002

மனிதகுலம் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. காற்றில் அதன் அளவு தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்தது. 1958-இல் ஹவாயின் மௌனா லோவாவில் சார்லஸ் கீலிங் தொடர் அளவீட்டைத் தொடங்கியபோது ஏறத்தாழ 315. இன்று 420-ஐக் கடந்துவிட்டது. இதனால் திறந்த கடலின் மேற்பரப்பில் பி.எச். ஆண்டுக்குச் சுமார் 0.002 அளவு குறைகிறது.

இறால் பண்ணைகளில் பயன்படுத்தும் கைக்கருவியை நீங்கள் பார்த்திருக்கலாம். ஒரு கண்ணாடி மின்முனை, ஒரு சிறு திரை. திரையில் பெரும்பாலும் ஒரு தசமமோ இரு தசமமோ காட்டும். மூன்றாம் தசமத்தில் நிகழும் மாற்றத்தை அதைக் கொண்டு பிடிக்க முடியுமா? முடியாது. இதைவிடக் கொடிய சிக்கலும் ஒன்று உண்டு. பி.எச். அளவுகோல் ஒன்றல்ல. நன்னீருக்காக வகுக்கப்பட்ட பழைய அளவுகோலில் கடல்நீரை அளந்தால் வரும் எண்ணுக்கும், கடலியலார் இன்று பயன்படுத்தும் ‘மொத்த’ அளவுகோலில் வரும் எண்ணுக்கும் வேறுபாடு 0.1-க்கும் சற்று மேல். தொழிற்புரட்சி தொடங்கி இன்றுவரை கடல் கண்டிருக்கும் மொத்த மாற்றமும் ஏறத்தாழ அவ்வளவுதான்! எந்த அளவுகோல் என்று குறிப்பிடாத பழைய பதிவேட்டையும் புதிய பதிவேட்டையும் அடுத்தடுத்து வைத்தால், இருநூறு ஆண்டு வரலாறு இல்லாமல் போகவும் கூடும். இரு மடங்காகத் தோன்றவும் கூடும்.

இதனால்தான் நுணுக்கமான அளவீட்டுக்கு மின்முனையை விட்டுச் சாயத்துக்கு வந்தார்கள். மெட்டா கிரெசால் பர்ப்பிள் என்ற சாயம் அமிலச் சூழலில் மஞ்சளாகவும் காரச் சூழலில் ஊதாவாகவும் மாறும். கடல்நீரில் சில துளிகள் கலந்து இரண்டு அலைநீளங்களில் ஒளியைச் செலுத்தி, எது எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்த்தால் மூன்றாம் தசமம்வரை நம்பலாம். சாயம் தூயதாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கடையில் கிடைக்கும் சாயத்தின் மாசே 0.01 அளவுக்குப் பிழையைத் தந்துவிடும்.

மலிவான கருவிகள் பயனற்றவை என்று நான் சொல்லவில்லை. கடல் அமிலமாதலைக் கண்காணிக்கும் உலக வலையமைப்பு இரண்டு தரங்களை வகுத்திருக்கிறது. பருவ மாற்றத்தையும் ஓரிடத்துக்கும் இன்னோரிடத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் அறிய 0.02 துல்லியம் போதும். பல பத்தாண்டுப் போக்கைச் சொல்ல 0.003 வேண்டும். எந்தக் கேள்விக்கு எந்தக் கருவி என்பதை மறக்காமல் இருந்தால் போதும்.

கூலியும் செலவும்

இப்போது அந்த அஞ்சலட்டைக்கு வருகிறேன்.

கடல்நீரில் கரைந்த கரியமில வாயு அப்படியே வாயுவாக இருப்பதில்லை. நூற்றுக்கு ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் அப்படி இருக்கும். ஏறத்தாழ தொண்ணூறு பங்கு பைகார்பனேட் அயனியாகவும், எஞ்சியது கார்பனேட் அயனியாகவும் இருக்கும். இம்மூன்றின் கூட்டுத்தொகையை மொத்தக் கரிமம் என்று அழைப்போம். ஒரு கிலோகிராம் கடல்நீரில் இது சுமார் 2000 மைக்ரோமோல். இன்னொரு அளவு, அந்த நீர் தன் நிலையை இழப்பதற்குள் எவ்வளவு அமிலத்தை ஏற்கும் என்பது. ‘காரத்தன்மை மாறுவதில்லை’ என்று நான் எழுதியது இதைத்தான். இதை இனி ஏற்பளவு என்பேன். இது சுமார் 2300. இவற்றோடு பி.எச்., வாயுவின் பகுதி அழுத்தம் ஆகியவற்றைச் சேர்த்தால் நேரடியாக அளக்கக்கூடியவை நான்கு. இந்நான்கில் ஏதேனும் இரண்டை அளந்து, வெப்பநிலை, உவர்ப்பு, அழுத்தம் ஆகியவற்றையும் அறிந்தால், மற்ற இரண்டையும் கணக்கிட்டே பெறலாம். 1998-இல் எர்னி லூயிஸ், டக் வாலஸ் என்ற இருவர் இக்கணக்குக்கான நிரலை எழுதி, யாரும் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டார்கள். அதன் வழிவந்த நிரல்களே இன்றும் உலகெங்கும் இலவசமாகப் பயன்படுகின்றன.

நிரல் இல்லாமலே கணக்கின் உட்கருவைப் பார்த்துவிடலாம். ஏற்பளவு 2300, மொத்தக் கரிமம் 2000, கழித்தால் மிச்சம் 300. இந்த மிச்சத்தின் பெரும் பகுதி கார்பனேட் அயனி. போரேட் முதலியவற்றுக்கும் ஒரு பங்கு உண்டு. அதை இப்போது விட்டுவிடுவோம். சிப்பியும் சங்கும் பவளமும் தங்கள் ஓட்டையும் கூட்டையும் கட்டுவதற்கு வேண்டியது இந்தக் கார்பனேட். மிச்சம் சுருங்கினால் பி.எச். குறையும்.

விளக்கத்துக்காகக் காற்றிலிருந்து 40 அலகு கரியமில வாயு வந்து கரைந்ததாகக் கொள்வோம். மொத்தக் கரிமம் 2040 ஆகிறது. ஏற்பளவு மாறுவதில்லை, 2300-ஆகவே இருக்கிறது. மிச்சம் 260. இனி வேறொரு கடலில் கரியமில வாயு வரவில்லை, கந்தக அமிலம் வந்து விழுந்தது என்று கொள்வோம். அதன் ஹைட்ரஜன் அயனிகள் 40 அலகு. இப்போது கரிமம் மாறவில்லை; 2000. ஆனால் ஏற்பளவு 2260-ஆகக் குறைந்துவிட்டது. மிச்சம் அதே 260. பி.எச். கருவியை இரு கடல்களிலும் அமிழ்த்தினால் ஏறத்தாழ ஒரே அளவு வீழ்ச்சியைக் காட்டும். எது காற்றுவாயு, எது கந்தகம் என்று அந்தக் கருவிக்குத் தெரியாது.

ஒரு தொழிலாளி குடும்பத்தில் மாதக் கடைசியில் கையில் மிஞ்சுவது 3000 ரூபாயிலிருந்து 2600-ஆகக் குறைந்துவிட்டது என்று வையுங்கள். கூலி வெட்டப்பட்டதா, விலைவாசி ஏறியதா? மிச்சத்தை மட்டும் எண்ணிப் பார்ப்பவரால் சொல்ல முடியாது. ஒன்றுக்குப் போராட்டம் ஆலை வாசலில், மற்றொன்றுக்கு வேறிடத்தில். கூலிச் சீட்டும் மளிகைக் கணக்கும் தனித்தனியே கையில் இருக்க வேண்டும்.

(ஏற்பளவு குறைந்த நீரிலிருந்து கரியமில வாயுவில் ஒரு பகுதி காற்றுக்கே திரும்பும் என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள். வாங்கிக்கொள்ள வேண்டிய கடல் அங்கே மூச்சு விடுகிறது.)

குப்பியில் அடைத்த கடல்

இந்த எண்கள் எப்படிக் கிடைக்கின்றன? கப்பலின் தளத்திலிருந்து குப்பிகள் கோத்த சட்டகத்தை ஆழத்துக்கு இறக்கி, குறித்த ஆழங்களில் மூடி, மேலே ஏற்றுகிறார்கள். காற்றுக் குமிழ் புகாதபடி அந்த நீரைக் கண்ணாடிக் குப்பிக்கு மாற்ற வேண்டும். உடனே சிறிதளவு மெர்க்குரிக் குளோரைடு நஞ்சைச் சேர்க்க வேண்டும். இல்லையேல் நீரிலுள்ள நுண்ணுயிர்கள் மூச்சுவிட்டே கணக்கைக் கெடுத்துவிடும். பிறகு ஆய்வகத்தில் ஒரு பகுதியில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் துளித்துளியாக விட்டுத் தரம் பார்க்கிறார்கள்; ஏற்பளவு கிடைக்கிறது. இன்னொரு பகுதியில் பாஸ்பாரிக் அமிலத்தை ஊற்றிக் கரிமம் முழுவதையும் வாயுவாக வெளியேற்றி, அதை மின்னோட்டத்தின் கணக்கில் எண்ணுகிறார்கள். மொத்தக் கரிமம் கிடைக்கிறது. இது இரவு பகல் பாராத வேலை. நம் நாட்டில் இதைச் செய்பவர்களில் பெரும் பகுதியினர் ஆய்வு மாணவர்களும் திட்ட ஒப்பந்த ஊழியர்களுமே. திட்டம் முடிந்தால் வேலை முடிந்தது. அளவீட்டுத் தொடர்ச்சியும் முடிந்தது.

மொத்தக் கரிமம் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மைக்ரோமோல் கூடுகிறது. இரண்டாயிரத்தில் ஒன்று. இவ்வளவு நுணுக்கம் வேண்டுமென்றால், கோவாவில் அளந்ததும் ஜப்பானில் அளந்ததும் ஒரே அளவுதான் என்பதற்கு உறுதி வேண்டும். தராசுக்கு முத்திரைப் படிக்கல் இருப்பது போலக் கடல்நீருக்கும் ஒரு படிக்கல் வேண்டும். அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் ஆன்ட்ரூ டிக்சன் என்ற வேதியியலாளரின் ஆய்வகம் 1990 வாக்கிலிருந்து அதைச் செய்துவருகிறது. கடல்நீரை எடுத்து, கிருமி நீக்கி, குப்பிகளில் அடைத்து, அதன் மொத்தக் கரிமம் இவ்வளவு, ஏற்பளவு இவ்வளவு என்று சான்றளித்து உலகெங்கும் அனுப்புகிறார்கள். அரசுப் பணத்தின் ஆதரவில் நடந்த இந்தப் பணி இல்லையென்றால் இன்று ‘கடல் அமிலமாகிறது’ என்று எந்த நாடும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல முடியாது. அதே நேரத்தில், உலகம் முழுவதும் ஒரே ஓர் ஆய்வகத்தை நம்பியிருந்ததன் ஆபத்து 2020-இல் பெருந்தொற்றின்போது தெரிந்தது. அங்கே வேலை தடைப்பட்டதும் எங்கும் தட்டுப்பாடு.

சிப்பிக் குஞ்சுகள் செத்த கதை

அளப்பதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலக் கடற்கரையில் நெட்டார்ட்ஸ் விரிகுடாவில் விஸ்கி கிரீக் என்ற சிப்பிக் குஞ்சுப் பொரிப்பகம் இருக்கிறது. 2007, 2008 ஆண்டுகளில் அங்கே கோடிக்கணக்கான சிப்பிக் குஞ்சுகள் செத்து மிதந்தன. விப்ரியோ என்ற பாக்டீரியாவே காரணம் என்று முதலில் முடிவுகட்டினார்கள். வடிகட்டும் கருவிகளை நிறுவினார்கள். பாக்டீரியா போயிற்று, சாவு நிற்கவில்லை.

ஆலன் பார்ட்டனும் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பர்க் ஹேல்ஸும் தொட்டிக்குள் வரும் நீரைத் தொடர்ந்து அளந்தார்கள். ஹேல்ஸ் உருவாக்கிய கருவி வாயுவின் பகுதி அழுத்தத்தையும் மொத்தக் கரிமத்தையும், அதாவது நான்கில் இரண்டை, அளந்தது. காற்று வீசும் திசையால் ஆழ்நீர் மேலெழும் நாட்களில் கரையில் கார்பனேட் மிகக் குறைந்துவிடுகிறது என்பது புலனாயிற்று. காலை நீர் கொடியது. பகலெல்லாம் கடற்புற்கள் வாயுவை உண்டபின் பிற்பகல் நீர் பரவாயில்லை. ஆகவே நீர் ஏற்றும் நேரத்தை மாற்றினார்கள். தொட்டியில் சோடியம் கார்பனேட்டைக் கலந்து ஏற்பளவைக் கூட்டினார்கள். குஞ்சுகள் பிழைத்தன. 2012-இல் ஆய்வுக் கட்டுரை வெளியாயிற்று.

இந்த இடத்தில் நம் தோழர்கள் பலருக்கு ஏங்கெல்ஸ் நினைவுக்கு வருவார். அளவு மாற்றம் குணமாற்றமாகும் புள்ளி எது என்று தேடுவார்கள். வேதியியலில் அப்படி ஒரு புள்ளி உண்டு. ஓட்டின் கனிமமான அரகோனைட்டின் நிறைவுநிலை 1-க்குக் கீழே போனால் ஓடு தானே கரையத் தொடங்கும். ஆனால் அந்தப் பொரிப்பகத்தில் குஞ்சுகள் அந்த எண்ணைத் தொடுவதற்கு முன்பே, 1-க்கு நன்கு மேலே இருக்கும்போதே நலிந்தன. முதல் இரண்டு நாட்களில் ஓடு கட்டச் செலவிடும் ஆற்றலே அவற்றைத் தின்றுவிடுகிறது. வேதியியலின் புள்ளி உயிரின் புள்ளி அன்று. இயக்கவியலைத் தயார்நிலைச் சட்டையாக எல்லாவற்றுக்கும் மாட்டிவிடக் கூடாது என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

வங்கக் கடலில் விழுவது என்ன?

இனி நம் கடல்களுக்கு வருவோம். இந்தியப் பெருங்கடல் பன்னாட்டு ஆய்வுப் பயணத்தின் தொடர்ச்சியாக 1966-இல் கோவாவில் தேசியக் கடலியல் நிறுவனம் அமைந்தது. 1983-இல் சாகர் கன்யா என்ற ஆய்வுக்கப்பல் வந்தது. 1990-களில் நம் அறிவியலாளர்கள் அரபிக் கடலில் பருவம் பருவமாகச் சென்று அளந்து, அதன் மையப் பகுதியும் கிழக்குப் பகுதியும் கரியமில வாயுவை வாங்குபவை அல்ல, ஆண்டு முழுவதும் வெளிவிடுபவை என்று காட்டினார்கள். பருவக்காற்றால் ஆழ்நீர் மேலெழுவதும் குளிர்கால நீர்க்கலப்பும் காரணம். பொதுத்துறை அறிவியலின் சாதனை இது.

வங்கக் கடலின் கணக்கு இதைவிடச் சிக்கலானது. கங்கையும் பிரம்மபுத்திராவும் மகாநதியும் கோதாவரியும் கொட்டும் நன்னீர் மேற்பரப்பின் உவர்ப்பையும் ஏற்பளவையும் மாற்றிவிடுகிறது. கணக்குக்கு ஆதாரமான சமநிலை மாறிலிகளில் பெரிதும் பயன்படுபவை 1973-இல் மெர்பாக் குழுவினர் வெளியிட்டவை. அவை உவர்ப்பு 19-க்கு மேற்பட்ட நீரில் அளக்கப்பட்டவை. முகத்துவாரத்தில் அந்த மாறிலிகளை அப்படியே போட்டால் கணக்கு பொய்க்கும். வேறு மாறிலிகளை எடுக்க வேண்டும். 2013 நவம்பரில் வங்கக் கடலின் நடுவே, வடக்கு 15 பாகை, கிழக்கு 90 பாகையில், கரியமில வாயுவையும் பி.எச்.ஐயும் அளக்கும் கருவிகளோடு ஒரு மிதவை நங்கூரமிடப்பட்டது. அமெரிக்கக் கடல் வளிமண்டல நிர்வாகமும் இப்பகுதி நாடுகளும் இணைந்து செய்த வேலை. 

தேசியக் கடலியல் நிறுவனத்தின் விசாகப்பட்டின மையத்தைச் சேர்ந்த சர்மாவும் உடன் பணியாற்றியோரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு முக்கியமானது. வங்கக் கடலின் மேற்குக் கரையோரத்தில் அமிலத்தன்மை, காற்றிலுள்ள கரியமில வாயுவின் உயர்வு ஒன்றைக் கொண்டு எதிர்பார்க்கத்தக்க வேகத்தைவிட அதிக வேகத்தில் கூடியிருப்பதைக் கண்டு, நிலத்திலிருந்து காற்றோடு வந்து கடலில் விழும் கந்தக, நைட்ரஜன் மாசுகளோடு அதைத் தொடர்புபடுத்தினார்கள்.

இதன் அரசியலைக் கவனியுங்கள். கரியமில வாயுக் கணக்கில் குற்றவாளி யார் என்பதில் நமக்கு ஐயமில்லை. வரலாற்றில் இதுவரை எரிபொருளால் வெளியான மொத்தத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அமெரிக்காவினுடையது. இந்தியாவினுடையது மூன்று, நான்கு சதவீதமே. அந்தக் கடனை ஏகாதிபத்திய நாடுகள் தீர்த்தாக வேண்டும். ஆனால் கந்தகம் அட்லாண்டிக்கைத் தாண்டி வருவதில்லை. அது நம் நிலக்கரி மின்நிலையங்களின் புகைபோக்கியிலிருந்து வருகிறது. 2015 டிசம்பரில் ஒன்றிய அரசு கந்தக டை ஆக்சைடுக்கு வரம்பு விதித்து இரண்டாண்டுக் கெடு கொடுத்தது. கெடு மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. 2025 ஜூலையில் பெரும்பாலான மின்நிலையங்களுக்குக் கந்தகம் நீக்கும் கருவியிலிருந்தே விலக்கு அளித்தார்கள். சுற்றுப்புறக் காற்றில் அந்த வாயு அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கிறது என்பது அப்போது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. காற்றில் காணாமல் போனது எங்கே போயிற்று? சல்பேட்டாக மாறி எங்கோ விழுகிறது. எவ்வளவு கடலில் விழுகிறது என்பதை ஏற்பளவை ஆண்டுக்கணக்கில் அளந்தால்தான் சொல்ல முடியும். பி.எச். மட்டும் அளந்தால், ‘உலக வெப்பமயமாதல்தானே, மேலை நாடுகளின் குற்றம்தானே’ என்ற திரைக்குப் பின்னால் மின்நிலைய முதலாளி ஒளிந்துகொள்வார். நாமே அந்தத் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்கவும் நேரும்.

ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 14.3.1 என்ற குறியீடு கடலின் அமிலத்தன்மையைப் பற்றியது. அது கேட்பது பி.எச். சராசரியை மட்டுமே. குறியீட்டை நிறைவுசெய்வதே நோக்கமானால் ஓர் அரசுக்கு ஓர் எண் போதும். இன்று கடல்களில் தன்னியக்கமாக மூழ்கி எழும் பல மிதவைகளும் பி.எச்.ஐ மட்டும் அளந்து, ஏற்பளவை உவர்ப்பு, வெப்பநிலை முதலியவற்றிலிருந்து மதிப்பிட்டுக்கொள்கின்றன. திறந்த பெருங்கடலில் அது நல்ல மதிப்பீடே. அமிலம் விழும் கரையோரத்தில், மறைந்திருப்பதைக் கண்டுபிடிக்க வேண்டிய எண்ணையே நாம் ஊகித்து எழுதிவிடுகிறோம்.

விற்பனைக்கு வந்த கணக்கு

அண்மையில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. விஸ்கி கிரீக் தொட்டியில் செய்ததைக் கடலிலேயே செய்வோம், சுண்ணாம்பு போன்ற காரப்பொருளைக் கலந்து ஏற்பளவைக் கூட்டினால் கடல் இன்னும் அதிகமான வாயுவை வாங்கிக்கொள்ளும் என்று சில நிறுவனங்கள் கிளம்பியுள்ளன. வேதியியல் தவறில்லை. ஆனால் அவ்வாறு வாங்கியதாகக் கூறப்படும் ஒவ்வொரு டன்னும் கரிம வரவுச் சான்றாக விற்கப்படுகிறது. பெரும் நிறுவனங்கள் அதை வாங்கித் தங்கள் புகையைக் கழித்துக்கொள்கின்றன. அந்த டன்னை யார் அளந்தார்கள்? இரண்டாயிரத்தில் ஒன்றைக் காண்பதற்கே இவ்வளவு பாடு என்று பார்த்தோம். கொட்டிய காரம் அலையில் கலந்து விரிந்துவிட்டால் அதன் விளைவை நேரே அளப்பது மிக அரிது. ஆகவே பெரும்பாலும் கணினி மாதிரிகளே டன்னை எண்ணித் தருகின்றன. அளந்து சரிபார்க்க இயலாத கணக்கு சந்தையில் சரக்காகிறது. இந்தியாவிலும் 2023-இல் கரிம வரவு வணிகத் திட்டம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. கடல் இன்னும் அதில் இல்லை. ‘நீலப் பொருளாதாரம்’ என்ற முழக்கத்தோடு அது வந்து சேரும்போது, வங்கக் கடலின் அடிப்படை அளவுகள் பொதுத்துறையின் கையில் இருக்கின்றனவா, விற்பவரின் கையில் இருக்கின்றனவா என்பது முதல் கேள்வியாக இருக்கும்.

2021-இல் ஆழ்கடல் திட்டத்துக்கு 4,077 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். கடலடிக் கனிமங்களைத் தேடுவது அதன் முதன்மையான நோக்கங்களில் ஒன்று. அதே கடலின் மேற்பரப்பில் பருவந்தோறும் நீர் எடுத்துத் தரம் பார்க்க நிரந்தர ஊழியர், ஒப்பீட்டுக் கடல்நீரை உள்நாட்டிலேயே தயாரிக்கும் ஆய்வகம், தரவுகள் அனைத்தும் யாரும் காணும்படி வெளியீடு, இவற்றை மீனவர் சங்கங்களும் அறிவியல் ஊழியர் சங்கங்களும் சேர்ந்து கேட்க வேண்டும். கடலோர மாவட்டக் குழுக்கள் இதை மீன்பிடித் தொழிலாளர் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கலாமா என்று விவாதிக்கக் கேட்டுக்கொள்கிறேன். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அறிக்கையில் பி.எச். என்று ஓர் எண்ணைக் கண்டால், எந்த அளவுகோல், எந்த வெப்பநிலை, உடன் அளந்த இரண்டாம் எண் எங்கே என்று எழுதிக் கேட்கலாம். அதற்கு வேதியியல் பட்டம் வேண்டியதில்லை.

கடைசியாக அந்தச் சொல். அஞ்சலட்டை எழுதிய தோழருக்கு, ‘ஏற்பளவு’ என்று மாற்றிவிட்டதாகப் பதில் எழுதினேன். ‘தாங்குதிறன்’ என்று வைத்தால் பாடநூலில் தாங்கல் கரைசலுக்கு உரிய சொல்லோடு மோதும் என்பதால் விட்டுவிட்டேன். ஏற்பளவும் முழு நிறைவு தரவில்லை; ஏதோ கடல் மனமுவந்து அமிலத்தை ஏற்றுக்கொள்வது போல ஒலிக்கிறது. உப்பளத்திலும் இறால் பண்ணையிலும் வேலை செய்யும் தோழர்கள் நீரின் இந்தக் குணத்துக்கு ஏதேனும் சொல் வைத்திருந்தால் எனக்குத் தெரிவியுங்கள். அடுத்த மொழிபெயர்ப்பில் அதைப் பயன்படுத்துகிறேன்.